மூக்குக்கும் ஒரு பிராக்டிகல்

ஓசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று சிப்காட், இன்னொன்று ரோஜா. பிப்ரவரி 14 நெருங்கினால் நம் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து தாஜ்மஹால் ரோஜா பெட்டி பெட்டியாக விமானம் ஏறுகிறது. நண்பர்களே, அந்த ரோஜாவை என்றைக்காவது முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஹாஸ்டல் நண்பன் ஒருவன் விழா மேடையிலிருந்த பூங்கொத்தை முகர்ந்துவிட்டு, "பச்சத் தண்ணி வாசனைதான்டா வருது" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்ததே ஒரு கஷ்டத்தினால்தான். 2021 மே மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, ஆனால் எனக்குப் போன வாசனை மட்டும் திரும்பவில்லை. ரசமும் வெந்நீரும் ஒன்றாகவே இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து படித்துக் கொண்டிருந்தேன். அடுப்பின் திருகு சரியாக மூடவில்லை. திண்ணையில் இருந்த எங்கள் ஆயா, கண்புரையால் பாதிப் பார்வை போனவர், சுவரைத் தடவிக்கொண்டே ஓடி வந்து, "டேய் சாமி, கேஸு நாறுதே, உனக்குத் தெரியலையாடா?" என்று கத்தினார். எனக்குக் கை கால் உதறியது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். புத்தகத்தில் படித்ததுதான். படித்து என்ன, மூக்கு செத்துக் கிடந்ததே!

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் கவனமாக முகர வேண்டும், 12 வாரம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹும்மலின் குழு 2009-இல் வெளியிட்ட முறை இது. எல்லோருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார். எண்ணெய்ப் புட்டிகள் வாங்கலாம் என்றதும் ஆயா, "புட்டி எதுக்கு, கொல்லையில இல்லாததா?" என்றார்.

தைல மர இலைக்கு நம் ஊரில் பஞ்சமா? எலுமிச்சைக்கு எலுமிச்சைப் புல். கிராம்புக்குத் துளசி, இரண்டிலும் யூஜெனால் என்ற ஒரே பொருள் இருக்கிறது. ரோஜாவுக்குத்தான் நான் மார்க்கெட்டிலிருந்து நீளக் காம்பு ரோஜா வாங்கி வந்தேன். ஆயா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது காயிதம்டா" என்று தள்ளிவிட்டு, கிணற்றடியிலிருந்த எட்வர்ட் ரோஜாச் செடிக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார். என் பாடம் அங்கேதான் ஆரம்பம்.

பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று விற்பது பெரும்பாலும் இந்த எட்வர்ட்தான். இளஞ்சிவப்பு நிறம், நிறைய இதழ், பறித்த மறுநாளே கொட்டிப்போகும். நம் ஊர்ப் பெயர் மாதிரி ஆகிவிட்டாலும், இது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரீயூனியன் தீவில், அன்றைய பெயரில் பூர்போன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து உண்டான வகை. ஆந்திரா ரெட் என்று உதிரியாக விற்கும் கருஞ்சிவப்புப் பூவுக்கும் நல்ல வாசம் உண்டு. அதன் உண்மைப் பெயர் க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ், 1897-இல் வெளிவந்தது. பெரிய மொட்டு, நீளக் காம்பு, பல நாள் வாடாத குணம் இவற்றுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த பசுமைக்குடில் ரோஜாக்களில், வாசனை வழியிலேயே தொலைந்துவிட்டது. 2015-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் வாசமுள்ள ரோஜாவையும் வாசமில்லாததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜெரானியால் உண்டாக உதவும் நுடெக்ஸ்-1 என்ற நொதி, வாசமில்லாத பூவில் மிகக் குறைவாக வேலை செய்வதைக் கண்டுபிடித்தார்கள். விவசாயியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, வாங்குகிறவன் மூக்கால் வாங்குவதில்லையே!

முகர்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. மொட்டில் வாசம் குறைவு, முழுசாக விரிந்து தளர்ந்த பூவில் போய்விட்டிருக்கும். பாதி விரிந்த பூதான் சரி. பனி காய்ந்து, வெயில் ஏறாத நேரம் பாருங்கள். மார்கழிக் குளிரில் நம் பக்கம் ஏழு மணிக்குப் போனால் ஏமாற்றம்தான், ஒன்பது மணிக்குப் போங்கள். பூவை இரு கைகளாலும் கூப்பி, வாயால் ஒரு முறை வெதுவெதுப்பாக ஊதிவிட்டு, பிறகு மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். சூட்டில் வாசம் கிளம்பும். மூன்று பூவுக்கு மேல் மூக்கு மரத்துவிடும். சட்டைக் கையை முகர்ந்துகொண்டு இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். கடையில் வாங்கிய பூவில் மட்டும் மூக்கைப் புதைக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

இலைகளின் கதை வேறு. பூ தானாகவே வாசத்தைக் காற்றில் விடுகிறது. துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சை, மருவு இவையெல்லாம் இலைமேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயைச் சேர்த்து வைத்திருக்கின்றன. கசக்கினால்தான் வரும். இந்த ஐந்துமே ஒரே குடும்பம். இளந்தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டையாகத் தட்டுப்படும், வெர்னியர் காலிப்பர் தேவையில்லை. பூக்காரம்மா கட்டில் பலரும் மருவையும் மரிக்கொழுந்தையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். மருவின் இலை சின்னதாக, பிளவில்லாமல் இருக்கும். மரிக்கொழுந்து இலை நுணுக்கமாகக் கிழிந்து சாம்பல் பூத்திருக்கும், தண்டில் பட்டை இருக்காது. எல்லை தாண்டினால் அதற்கு தவன என்று பெயர். காய்ந்த பின்னும் வாசம் நிற்கும் என்பதால் ஆயா புடவை மடிப்பில் வைப்பார். கண் தெரியாமலே இரண்டையும் பிரித்துத் தருவார். நான் கண்ணை மூடிக்கொண்டு முயன்றால், அன்றைக்கெல்லாம் இரண்டுமே வெறும் புல்.

ஏழாவது வாரம் துளசி லேசாக வந்தது. அடுத்தது எலுமிச்சைப் புல். ரோஜா கடைசியில்தான் வந்தது, அதுவும் முதலில் கருகிய ரப்பர் மாதிரி தப்பாக வந்து என்னை அழ வைத்தது. இன்னும் சில மாதம் கழித்துத்தான் ரோஜா ரோஜாவானது. இப்போதும் மல்லிகை எனக்கு முழுசாக வருவதில்லை. ஆனால் கேஸ் வாசம் வருகிறது, அம்மா தினமும் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்.

செடி வைக்க விரும்பும் நண்பர்களுக்கு: ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத மண், ஒரு அடி ஆழத் தொட்டி இருந்தால் போதும். எட்வர்டுக்கு ஒட்டுச் செடி வேண்டாம், பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சியே வேர் பிடிக்கும். மழை ஓய்ந்து கவாத்து செய்யும்போது எங்கள் கிணற்றடியில் முப்பது குச்சியாவது விழும். வேண்டியவர்கள் எலக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். ஈரச் சாக்கு நீங்களே கொண்டு வர வேண்டும்.