விரிபரப்பு வலையமைப்பின் இணைப்பு வகைகள்

தொலைவிலுள்ள இடத்துரி வலையமைப்புகளை ஒன்றிணைப்பது விரிபரப்பு வலையமைப்பாகும்.

1. குத்தகைக் கம்பி: இரு இடங்களுக்கு மட்டுமான நிரந்தர இணைப்பு, செலவு அதிகம்.
2. ஏடிஎஸ்எல்: தொலைபேசியின் செப்புக் கம்பியில் இயங்கும்; பரிமாற்றகத்திலிருந்து தூரம் கூடக் கதி குறையும்.
3. ஒளியியல் நார்: கதி மிக அதிகம், வடம் பதிக்க வேண்டும்.
4. செய்மதி: தரைவடம் தேவையில்லை, தாமதம் உண்டு.

மாதிரி வினா: 2009 இல் போரால் அழிந்த முள்ளிவாய்க்காலில், வடங்கள் மீள அமைக்கப்படுமுன் ஒரு மருத்துவ நிலையம் கொழும்புடன் தொடர்புகொள்ள வேண்டும் எனக் கொள்க. பொருத்தமான இணைப்பு எது? அதன் குறைபாடு யாது?

விடை: செய்மதி. தரையில் கம்பமோ வடமோ இல்லாமலே இயங்கும். புவிநிலைச் செய்மதியின் உயரம் ஏறத்தாழ 36,000 கி.மீ. சமிக்ஞை மேலே சென்று கீழே வரும் தூரம் 72,000 கி.மீ.

தாமதம் = 72,000 ÷ 300,000 = 0.24 செக்கன்.

குறிப்பு: இணைப்பின் பெயரை மட்டும் எழுதாது, காரணத்தையும் எழுதுக.