பின்தங்கும் மாணவனுக்குத் தனிப்பாடம்: செலவு யாருடையது?

பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்ப்பதற்காக வீடுதோறும் சென்று பெற்றோரை வேண்டி நின்ற காலம் மதுரைச் சமவெளிக் கிராமங்களில் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று நம்முன் நிற்கும் பிரச்சினை வேறு. ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட சிறுவன், இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டியும் படிக்க இயலாது விழிக்கின்றான். வசதியுள்ள வீட்டார் டியூஷனுக்கு அனுப்பிவிடுகின்றனர். நாற்று நடவும் கதிர் அறுக்கவும் செல்லும் தாய் என் செய்வாள்? அவள் மகனுக்குத் தனியே பாடம் சொல்ல ஒருவரை அமர்த்தினால், அச்செலவைப் பள்ளி ஏற்க வேண்டுமா என்பதே கேள்வி.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவை முதலில் நோக்குவோம். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் ஆற்றலையும் ஆசிரியர் கணித்தறிந்து, தேவைப்படின் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதில் விதிக்கப்பட்ட கடமை. 28ஆம் பிரிவோ ஆசிரியர் தனிப்பயிற்சித் தொழில் நடத்துவதைத் தடுக்கின்றது. ஆகவே, பின்தங்கிய பிள்ளைக்கு மேற்கொண்டு கற்பிப்பது சலுகையன்று. பள்ளியின் பணியே ஆகும். பெற்றோர் தலையில் இதனைச் சுமத்துவதற்கு நியாயம் இல்லை.

ஆயினும் கடமையை நிறைவேற்றும் ஆள்பலம் எங்கே? அதே சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் பாடு சொல்லத் தேவையில்லை.

பள்ளியின் கையிலுள்ள பணத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிகளின்படி, 30க்கு மேல் 100 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கேனும் துப்புரவுக்குச் செல்ல வேண்டும். மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஒரு பயிற்றுநரை அமர்த்தினால் 10,000 ரூபாய் போய்விடும். எஞ்சியதில் சுண்ணாம்பும் பழுதுபார்ப்பும் சாதனங்களும் எவ்வாறு நடைபெறும்? செலவு பொதுப் பணத்தினின்று வரவேண்டும். ஆனால் இச்சிறு மானியத்தினின்று அன்று என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. பெருந்தொற்றுக்குப் பின் 2020இல் அங்கே தொடங்கிய தனிப்பயிற்சித் திட்டத்தில் அரசாங்கத்தின் பங்கு ஆண்டுதோறும் குறைந்து, இறுதியாண்டில் சரிபாதி ஆயிற்று. மீதியைப் பள்ளிகளே தேட வேண்டியிருந்தது. 2024இல் திட்டம் முடிவுற்றது.

நம் மாநிலம் வேறு வழியிற் சென்றது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற 'இல்லம் தேடிக் கல்வி'யில், ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலையில் சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தனர். ஊக்கத்தொகையாகிய 1,000 ரூபாயை அரசாங்கம் அளித்தது. பள்ளிகள் மீண்டும் திறந்த ஆறு மாதங்களில், பிள்ளைகள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததென்றும் தமிழகக் கிராமப் பிள்ளைகளிடையே நடந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி பகல் வகுப்பின் பயன் என்று கொள்வதே பொருந்தும். இதனை மறவாதிருத்தல் நலம். மாலை வகுப்பு இருக்கின்றதே என்று பகல் வகுப்பைத் தளர்த்திவிடும் ஆபத்து உண்டு.

பம்பாய், வடோதரா நகரங்களில் 2001 முதல் 2003 வரை பிரதம் நிறுவனம் நடத்திய முறை அவ்வாபத்திற்கு ஒரு மருந்து எனலாம். அங்கே உள்ளூர்ப் பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தனியே அமர்த்தி, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படைப் படிப்பும் கணக்கும் கற்பித்தனர். கடையில் நின்ற பிள்ளைகளே மிகுதியாக முன்னேறினர். கற்பித்தவர்கள் பயிற்சிக் கல்லூரி கண்டவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அரசாங்கமும் ஊர்மக்களும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வாறே இங்கும் செய்யலாம். ஊக்கத்தொகை அரசாங்கத்துடையது, இடமும் விளக்கும் குடிநீரும் ஊராட்சியுடையன. மந்தையிலுள்ள நாடகமேடையோ, சாவடியோ, ஊர்ப்புற நூலகமோ மாலையிற் போதும். பிள்ளைகளைத் தேர்வது தலைமையாசிரியர் பொறுப்பு. தலைவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமிருத்தல் ஆகாது. அமர்த்தப்படுபவர் அப்பள்ளியின் ஆசிரியராக இருத்தலும் கூடாது. மல்லிகைப் பறிப்பு நடக்கும் ஊர்களில் பிள்ளைகள் விடியலிலேயே எழுந்துவிடுவதால், ஏழு மணிக்கு மேல் வகுப்பை நீட்டிப்பதிற் பயனில்லை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி படிக்கச் செய்து, மேலாண்மைக் குழுவின் முன் அதனைக் குறித்துவைத்தால், தொகை எவ்வளவு காலம் தொடர வேண்டுமென்பது தானே விளங்கும்.