பழைய பைக் வாங்கும் முன்...

காலையிலேயே போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் வண்டியின் உண்மை நிலை தெரியும். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். செலவு பெரிது, அந்த வண்டியே வேண்டாம். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தாலோ ஸ்ப்ராக்கெட் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தாலோ விலையைக் குறைத்துப் பேசலாம். டயரின் வயதையும் பாருங்கள்: அதில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

ஹேண்டில்பார் கழுத்தைத் துடைத்து, சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், அந்தக் கம்பெனியின் என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.