‘ஓர்’ தெரிந்தவருக்கு ‘ஆன்’ எளிது

கேள்வி: வெளிநாட்டுப் பயணிகளுக்கு அண்ணாமலையார் கோயிலைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். ஆங்கிலத்தில் ‘எ’, ‘ஆன்’ எங்கே வரும் என்பதில் தினமும் தடுமாறுகிறேன். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆன்’ என்றுதான் பள்ளியில் படித்தேன். அப்படியானால் ‘யூனிவர்சிட்டி’க்கு ஏன் ‘எ’ போடுகிறார்கள்?
– சுற்றுலா வழிகாட்டி, திருவண்ணாமலை

பதில்: எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். ‘யூனிவர்சிட்டி’யை எழுதும்போது முதலில் நிற்பது ஆங்கில உயிரெழுத்துதான். ஆனால் வாயில் வருவது ‘ய்’ என்னும் மெய்யொலி. ஆகவே ‘எ யூனிவர்சிட்டி’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லில் முதலெழுத்தான ‘எச்’ ஒலிப்பதே இல்லை. ஆகவே ‘ஆன் அவர்’.

இந்த வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. ஓர் ஊர், ஒரு மலை. ஓர் ஆண்டு, ஒரு தேர் என்றுதானே எழுதுகிறோம்? ‘ஓர்’ எங்கே வரும் என்று தெரிந்தவருக்கு ‘ஆன்’ எங்கே வரும் என்பதும் தெரியும். இரண்டுக்கும் பிறப்பும் ஒரே மாதிரிதான். பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றாலே ‘ஒன்று’. மெய்யொலிக்கு முன்னால் அதன் ‘ன்’ நாளடைவில் உதிர்ந்து ‘எ’ ஆயிற்று. அதாவது, ‘ஆன்’தான் மூத்தது.

அந்த ‘ன்’ அடுத்த சொல்லோடு ஒட்டியும் வெட்டியும் நிறைய வேலை செய்திருக்கிறது. சமையலுக்குக் கட்டும் மேலாடை முதலில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லிச் சொல்லி அது ‘ஆன் ஏப்ரன்’ ஆனது. கிரிக்கெட் ‘அம்பயர்’ கதையும் இதுதான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு ‘ந்’ இருந்தது. இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்று பொருள். ‘நிக்நேம்’ இதற்கு நேர்மாறு. கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த ‘ஆன் ஈக்நேம்’, ‘ன்’னைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ‘எ நிக்நேம்’ ஆயிற்று.

ஆரஞ்சையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபி ‘நாரஞ்ச்’ என்று மேற்கே போன அந்தப் பழம், இங்கிலாந்து போய்ச் சேரும் முன்பே ஐரோப்பாவில் முதல் ‘ந’வைத் தொலைத்துவிட்டது. ‘நாரங்க’ திராவிட மூலம் கொண்டது, நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நாரத்தங்காய்க்கு உறவு என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

கேள்வி: ஆங்கிலத்தில் பேராசிரியரையும் ‘யூ’, தம்பியையும் ‘யூ’ என்கிறோம். பெரியவர்களிடம் பேசும்போது கூச்சமாக இருக்கிறது. அந்த மொழியில் மரியாதையே கிடையாதா?
– கல்லூரி மாணவி, செங்கம்

பதில்: கூச்சமே வேண்டாம். நீங்கள் சொல்லும் ‘யூ’ உண்மையில் ‘நீங்கள்’தான். ஒருவரை அழைக்க ‘தௌ’ என்றும், பலரை அழைக்க ‘யீ’, ‘யூ’ என்றும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் இருந்தன. நம்மைப் போலவே அவர்களும் மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப்பேச்சில் ‘தௌ’ பெரும்பாலும் மறைந்து, எல்லோருக்கும் ‘யூ’ என்றாயிற்று. எதிரில் ஒருவரே இருந்தாலும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது இதனால்தான்.

இன்று அங்கே மரியாதை வினையில் இருக்கிறது. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவு. ‘வில் யூ’ என்பதைவிட ‘வுட் யூ’ பணிவு. ‘சொல்லுங்கள்’ என்பதைச் ‘சொல்லுங்களேன்’ என்று நாம் மென்மையாக்குகிறோமே, அதே வேலை.

கேள்வி: பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் நம் திருவண்ணாமலை ‘ட்ரினாமலி’ என்று இருக்கிறது. ஏன் இப்படிச் சிதைத்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

பதில்: 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கமாகச் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் போரிட்டார்கள். அந்தப் போரைப் பற்றிய ஆங்கில எழுத்துகளில் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

வேண்டுமென்று சிதைத்ததாக நான் நினைக்கவில்லை. தமிழில் ஒவ்வோர் அசையும் தெளிவாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைதான் நிமிர்ந்து நிற்கும், மற்றவை சுருங்கிப்போகும். ‘திரு’ என்பது அவர்கள் நாவில் ‘ட்ரி’ ஆனது அப்படித்தான். திருச்சிராப்பள்ளி ‘ட்ரிச்சினாபலி’, திருவல்லிக்கேணி ‘ட்ரிப்ளிகேன்’, திருவனந்தபுரம் ‘ட்ரிவேண்ட்ரம்’, ஈழத்துத் திருகோணமலை ‘ட்ரிங்கோமலி’ என எல்லாம் ஒரே அச்சு. பழைய ஆவணங்களில் நம் ஊரைத் தேடுபவர்கள் இந்த ‘ட்ரி’யை மறக்கக் கூடாது.

கேள்வி: கிரிவலத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘சர்க்கமாம்புலேஷன்’ என்று பலகையில் பார்த்தேன். வாயில் நுழையவில்லை.
– ஆட்டோ ஓட்டுநர், கிரிவலப் பாதை

பதில்: சுற்றி என்னும் ‘சர்க்கும்’, நடத்தல் என்னும் ‘ஆம்புலாரே’ ஆகிய இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்தது அது. அதன் பாதி உங்களுக்கு நன்றாகப் பழகியது. பௌர்ணமி இரவில் பாதையோரம் நிற்கும் 108 ‘ஆம்புலன்ஸ்’ அதே ‘ஆம்புலாரே’யின் வழி வந்ததுதான். படையோடு கூடவே நகர்ந்த மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடக்கும் மருத்துவமனை’ என்றார்கள். பிறகு அந்தப் பெயர் வண்டிக்கு வந்தது.

உங்கள் பயணிகளிடம் ‘வாக் அரவுண்ட் த ஹில், ஃபோர்ட்டீன் கிலோமீட்டர்ஸ்’ என்றால் போதும். கூடவே ‘கிரிவலம்’ என்ற சொல்லையும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். பொருள் தெரிந்தபின் அவர்களும் அப்படியே சொல்வார்கள்.

கேள்வி: ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்கிறார் என் நண்பர். சரியா?
– மளிகைக் கடைக்காரர், போளூர்

பதில்: பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. கம்பெனிக்காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சில்லறைக் காசை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று எழுதினார்கள். அது போர்த்துக்கீசியர் வழியாகப் போன நம் சொல். இன்று உங்கள் கல்லாவில் விழும் ‘கேஷ்’ வேறு. பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது அது.

ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. எந்த ஆண்டில், யார் எழுத்தில், என்ன பொருளில் அந்தச் சொல் முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் ஹென்றி யூலும் அந்த வேலையைச் செய்தார்கள். பழைய பயணக் குறிப்புகளிலிருந்து ஆண்டு வாரியாகச் சான்று திரட்டி அவர்கள் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, பர்னல் இறந்தபின் 1886இல் வெளிவந்தது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனதும், சுருட்டு ‘செரூட்’ ஆனதும், மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனதும் இப்படிச் சான்றோடு நிற்பவை. நம் கணக்கில் இவ்வளவு உறுதியான வரவு இருக்கும்போது, சான்றில்லாத ஒன்றைச் சேர்த்து அந்தக் கணக்கையே சந்தேகத்துக்கு உள்ளாக்க வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.