கல்லாச் சாவியும் ஏ.ஐ. ஏஜென்டும்



அம்பத்தூரானாலும் ஆவடியானாலும், புதுப் பையனிடம் முதல் நாளே கல்லாச் சாவியை நாம் கொடுப்பதில்லை. பொட்டலம் மடிப்பான், எடை போடுவான், பிறகு பில் போடுவான், சாவி கடைசியில்தான். ஒருமுறை எங்கள் மண்டியில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டு ஊருக்குப் போனோம். அவர் நல்லெண்ணத்தில் ஒரு லோடு துவரம் பருப்பு வாங்கிவிட்டார். மறுவாரமே விலை இறங்கியது. எல்லை வைக்காத தவறு எங்களுடையதே.

ஏ.ஐ. ஏஜென்ட் விஷயமும் இப்படித்தான். அது பதில் சொல்வதோடு நிற்காது. நாம் இணைத்துத் தரும் கருவிகளைக் கொண்டு இருப்புக் கணக்கைத் திருத்தும், ஆர்டர் போடும், பணமும் கட்டும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும், ஒரு தொழிலதிபரின் தகவல் தொகுப்பையே அழித்தது. அழிக்கும் கருவி அதன் கையில் இருந்ததால் வாய்ச்சொல் நிற்கவில்லை. 2025 அக்டோபரில் நம் நாட்டிலும் சாட்ஜிபிடி வழியாக யு.பி.ஐ.யில் பொருள் வாங்கும் சோதனை அறிவிக்கப்பட்டது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி தருக.

2. பணம் கட்டுதல், அழித்தல் இரண்டுக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் வேண்டும்.

3. தொகைக்கு வரம்பு வைக்க. 2024இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிளில், வீட்டாருக்கு முழு அதிகாரம் தந்தாலும் மாதம் 15,000 ரூபாய் என்றே வரம்பு வைத்தனர்.

4. கணக்கின் நகலைத் தனியே வைக்க. அதை ஏஜென்ட் தொடக்கூடாது.

விற்க வருபவரிடம், "எந்தெந்தக் கருவியை நாங்கள் பூட்டி வைக்கலாம்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையேல் இணைக்க வேண்டாம்.