அரபிக் குதிரைக்கு ஏற்ற சேணம்

நுகத்தடி சரியாக அமையாவிடில் எருதின் கழுத்தில் வீக்கமும் புண்ணும் உண்டாகுமென்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். சவாரிக் குதிரையின் முதுகுப் புண்ணும் அத்தன்மையதே. ஆயினும், எருதின் புண்ணுக்கு நுகத்தைக் குறைகூறுவோர், சேணம் பூட்டுகையில் குதிரை காதை மடக்கிக் கடிக்க வந்தால், அதனைத் துஷ்டப் பிராணி என்று அடித்துத் திருத்த முற்படுகின்றனர். அடிப்பதற்கு முன் சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவிப் பார்ப்பதே முறை.

அரபி இனத்துக்குச் சேணம் அமைவது கடினமாயிருப்பதற்கு அதன் உடற்கட்டே காரணம். கடைகளில் விற்கப்படும் ஆங்கிலச் சேணங்களிற் பல, தோள்மேடு உயர்ந்து முதுகு நீண்ட பந்தயக் குதிரை இனத்தின் வடிவை ஒட்டிச் செய்யப்பட்டவை. அரபியின் முதுகோ குட்டையாகவும் அகன்றும் இருக்கும். தோள்மேடு பலவற்றில் தாழ்ந்திருக்கும். சாதாரணமாகக் குதிரைகளுக்கு 18 ஜோடி விலா எலும்புகள் உண்டு. அரபிகள் சிலவற்றிற்கு 17 ஜோடியே. இடுப்புக் கணுக்களும் 6க்குப் பதிலாக 5 இருப்பதுண்டு. ஆகவே நீண்ட சேணத்தின் பின்பாகம் கடைசி விலாவைக் கடந்து இடுப்பின்மேல் அமர்கிறது. விலாவின் ஆதாரமற்ற அவ்விடம் பாரஞ் சுமக்கத் தக்கதன்று.

சேணம் வாங்குமுன் முதுகை அளந்துகொள்ள வேண்டும். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, வளையக்கூடிய ஈயப்பட்டையொன்றைத் தோட்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி, அவ்வளைவை அட்டையில் வரைக. நடுமுதுகிலும் கடைசி விலாவினருகிலும் அவ்வாறே செய்க. பின்னர்க் கடைசி விலாவை விரலால் கீழிருந்து மேலே தொடர்ந்து, அது முதுகெலும்பைச் சேருமிடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுக. தோட்பட்டைக்கும் இக்குறிக்கும் இடையிலுள்ள நீளமே சேணத்தின் மெத்தைக்கு உரியது. சவாரி செய்பவர் பருத்தவராயின், நீண்ட சேணத்தை நாடுவதைவிட வேறு குதிரையை நாடுவது நலம்.

சட்டம் குறுகலாயிருந்தால் சேணம் முன்பக்கம் உயர்ந்து நின்று, தோள்மேட்டின் இருபுறத்தையும் நெருக்கும். இதற்குப் பரிகாரமெனக் கம்பளியை மடித்து அடியிலிடுவோர் பலர். இறுகிய செருப்புக்குள் துணியைத் திணித்து நடப்பதற்கு ஒப்பான காரியம் அது. கம்பளி இடமிருக்கும் சேணத்தில் மட்டுமே பயன்படும். சட்டம் மிக அகன்றாலோ அது தோள்மேட்டின்மேல் இறங்கி உராயும். ஆள் ஏறியமர்ந்த பின்னும் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு விரல் நுழைய இடமிருத்தல் வேண்டும். முதுகெலும்பின் நெடுகிலும் காற்றோடும் வழி இருத்தல் வேண்டும்.

மெத்தை முன்னும் பின்னும் மட்டும் படிந்து நடுவில் படியாதிருப்பது மற்றொரு குற்றம். நின்ற நிலையில் இது கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். வெள்ளைத் துணியைச் சேணத்தினடியில் விரித்து, அரைமணி நேரம் ஓட்டி வியர்வை கண்டபின் கழற்றிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். சுற்றிலும் நனைந்து ஓரிடம் மட்டும் உலர்ந்திருப்பின், அங்கே அழுத்தம் மிகுதியோ என்று ஐயுற வேண்டும். முதுகில் வெண்மயிர்த் திட்டுகள் காணப்பட்டால், அவை பழைய சேணம் விட்டுச்சென்ற அடையாளமாயிருக்கலாம்.

வயிற்றுவார் முழங்கைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் தானே சென்று விழும் இயல்புடையது. அரபியிலும் மற்றைய பருத்த விலாக் குதிரைகளிலும் அப்பள்ளம் முன்னே இருக்குமாயின், வார் சேணத்தைத் தோளின்மேல் இழுத்துவிடும். வாரை இன்னும் இறுக்குவதால் பயனில்லை. வார் கட்டும் பட்டையை முன்தள்ளித் தைக்கச் செய்தல் வேண்டும்.

கலிபோர்னியாவில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய 100 மைல் ஒருநாள் சவாரியில் அரபிகளே பெரும்பாலும் முன்னிற்கின்றன. அங்கே வழிநெடுக மிருக வைத்தியர்கள் நாடியுடன் முதுகையும் சோதித்து, தகுதியற்றவற்றை நிறுத்திவிடுகின்றனர்.

தீனி மிகுந்த காலத்தில் குதிரை பருக்கும். வேலை மிகுந்த காலத்தில் மெலியும். ஆதலால் ஆண்டில் இருமுறையேனும் அட்டையை முதுகில் வைத்துப் பார்த்து, மெத்தையின் கம்பளி மயிரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். புண் கண்டுவிட்டால், அது ஆறி, மயிர் முளைத்து, விரலால் அழுத்தினும் குதிரை முதுகைத் தாழ்த்தாத நிலை வரும்வரை சேணம் பூட்டலாகாது. கையிற் பிடித்து நடத்தினாற் போதும்.