அடங்காத பிள்ளை என்று ஒதுக்குமுன்



சென்ற ஆண்டு கல்வி உதவி மனுக்களைப் பார்த்தபோது, "ஒழுங்கீனம்" என்று பள்ளியில் எழுதியிருந்த சில பிள்ளைகளின் பெயரை நாங்கள் தள்ளிவைத்தோம். அதில் ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டு ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். விசாரிக்காமல் தள்ளியது எங்கள் தவறு.

அவனைப் போன்ற சிலருக்கு இருப்பது திமிர் அல்ல, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும். சொன்னதை மனதில் வைத்திருப்பது, கையையும் வாயையும் அடக்குவது, ஒரு வேலையை முடித்து அடுத்ததற்கு மாறுவது ஆகிய திறன்கள் இவர்களிடம் மெதுவாகவே வளர்கின்றன. கோயம்புத்தூர் மாவட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு இது தென்பட்டது. பெண் பிள்ளைகள் பலர் ஓடியாடாமல் வெறுமனே கனவு கண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பல நேரம் கண்ணில் படுவதில்லை.

மருந்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், துறுதுறுப்பும் கவனச் சிதறலும் குறைய மருந்தே அதிகம் உதவியது. ஆனால் பெற்றோருக்கும் பள்ளிக்கும் பயிற்சி சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோர் பயிற்சிதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது உண்டு. "எழுந்து குளித்து, பையை எடுத்து, அத்தாவிடம் காசு வாங்கு" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அவன் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். காலை வேலைகளைப் படமாக வரைந்து கதவில் ஒட்டுங்கள். பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள். முடித்த கையோடு பாராட்டுங்கள், மாலை வரை காக்கவேண்டாம். அஸருக்குப் பிறகு ஓடி விளையாடிவிட்டு மக்தப் வந்தால் உட்காருவது எளிது. ஹஜ்ரத்மார்களிடம் முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறோம்; பிரம்பு இதற்கு மருந்தல்ல என்பதையும் சொல்லியிருக்கிறோம். மூளைப் பயிற்சி என்று விற்கும் செல்போன் விளையாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரனாவான்.

வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் காட்டிவிடுங்கள். அமிர்தியிலிருந்து வேலூர் போகும் வழியிலேயே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. வகுப்பு ஆசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிச் செல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் சொல்லுங்கள். தள்ளிவைத்த மனுக்களை மறுபடியும் எடுத்திருக்கிறோம்.